நின்றுபோன சதுரங்கப் பலகை

திருவட்டாற்றில் ஐப்பசி மாதத்து மாலை எப்படி இருக்கும் என்பதை அவ்வூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நண்பகல் வரை வெயில் காயும். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். ரப்பர்த் தோட்டங்களுக்குள் காற்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கும். பிறகு இடியும் மழையும் சேர்ந்து இறங்கும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலை வளைந்தோடும் ஆறு மறுநாள் காலையில் செந்நிறமாகக் கலங்கிக் கிடக்கும். இடி முழங்கும்போது வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கி எரிவதும், சில வேளை அணைந்தே போவதும் அங்கே யாருக்கும் புதுமை அன்று.

அத்தகைய ஒரு மாலையில்தான் என் சகோதரியின் மகள் ஓர் ஆட்டத்தை இழந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் பெண். சதுரங்கத்தில் நல்ல பயிற்சியுடையவள். கல்லூரி அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை அவ்வாண்டு இணையத்தின் வழியாக நடத்தினார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். கடைசிச் சுற்று. அதில் வென்றால் அணியில் இடம் உறுதி. அவளிடம் ஒரு யானை அதிகம். கடிகாரத்தில் நான்கு நிமிஷம் மீதி. நான் வெளியே அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து குரல் கேட்டது.

“மாமா, காய் அனங்கமாட்டேங்கு!”

நான் எழுந்து போவதற்குள் அவள் அவசரமாகப் பல காரியங்களைச் செய்துவிட்டாள். திரையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். செயலியை மூடித் திறந்தாள். கைப்பேசியையே அணைத்துவிட்டு மறுபடியும் இயக்கினாள். அதற்கு ஒரு நிமிஷம் போயிற்று. பிறகு, செயலியில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணி அதை நீக்கிவிட்டு, புதிதாக இறக்கிக்கொள்ள முயன்றாள். இறக்கம் தொடங்கவே இல்லை. நான்கு நிமிஷமும் கரைந்தது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் முடிவைப் பார்க்க முடிந்தது: நேரம் கடந்ததால் தோல்வி.

“நாலு நிமிஷத்துக்க உள்ள என்னெல்லாமோ செய்தேன் மாமா, ஒண்ணும் பலிக்கல்ல” என்றாள். அப்புறம் பல வாரங்கள் அவள் சதுரங்கத்தைத் தொடவில்லை.

அன்று இரவே நான் வீட்டைச் சுற்றிவந்து காரணத்தைத் தேடினேன். காரணம் மிகச் சிறியது. இடி முழங்கியபோது மின்சாரம் ஒரு கணம் தளர்ந்திருக்கிறது. விளக்கு மங்கி மீண்டும் எரிந்ததை நானே பார்த்திருந்தேன். அந்த ஒரு கணத்தில், சுவரில் மாட்டியிருந்த ரௌட்டர் என்னும் இணையப் பெட்டி தன்னை அணைத்து மீண்டும் இயக்கிக்கொண்டது. அது தன் வைஃபை அலையை விரைவிலேயே பரப்பிவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்புடன் தொடர்பு அதற்குக் கிட்டவில்லை. கைப்பேசியோ வைஃபை அடையாளம் முழுமையாக இருப்பதைக் கண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி அதையே பற்றிக்கொண்டிருந்தது. செலவைக் கருதி மொபைல் டேட்டாவை அவள் அடைத்து வைத்திருந்தாள். வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவைத் திறந்திருந்தால், பத்து விநாடியில் பலகை உயிர்பெற்றிருக்கும். இறக்கம் தொடங்காமல் நின்றதே, கெட்டது செயலி அன்று, வழிதான் என்பதற்குப் போதுமான சான்று. பதற்றத்தில் அந்தச் சான்றை அவள் படிக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் சதுரங்கம் ஆடும் மாணவர்கள் இன்று நம் மாநிலத்தில் ஏராளம். 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் சிங்கப்பூரில் உலக வெற்றியாளரான பிறகு, சிற்றூர்களில்கூடப் பிள்ளைகள் கைப்பேசியில் குதிரையையும் யானையையும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் திறப்பு முறைகளை அறிவார்கள்; இறுதியாட்ட நுணுக்கங்களையும் ஓரளவு அறிவார்கள். பலகை நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் ஆடும் ஆட்டம் எங்கே இருக்கிறது? உங்கள் கைப்பேசியில் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், அந்த எண்ணத்திலிருந்துதான் பாதிக் குழப்பங்கள் பிறக்கின்றன. ஆட்டம் உங்களிடம் இல்லை. எங்கோ தொலைவில், சர்வர் எனப்படும் தலைமைக் கணினியில் இருக்கிறது. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் நகர்த்த வேண்டும், யாருக்கு எத்தனை விநாடி மீதி என்ற கணக்கெல்லாம் அங்கேதான். உங்கள் திரையில் தெரிவது அந்தக் கணக்கின் படம் மட்டுமே. நீங்கள் குதிரையை இழுத்து வைக்கும்போது உண்மையில் குதிரை நகர்வதில்லை. ‘குதிரையை இன்ன கட்டத்தில் வைக்க விரும்புகிறேன்’ என்ற ஒரு சிறு கடிதம் புறப்படுகிறது. சர்வர் அதைப் படித்து, விதிக்கு உட்பட்டதா என்று பார்த்து, தன் ஏட்டில் எழுதி, இருவருக்கும் மறுகடிதம் அனுப்புகிறது.

இது விளங்கினால் இரண்டு உண்மைகள் தாமே விளங்கும். பக்கத்தை மீண்டும் ஏற்றினாலோ, வேறொரு கைப்பேசியில் உங்கள் பெயரில் நுழைந்தாலோ ஆட்டம் அழிந்துவிடாது. காய்கள் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். இதை அறியாமல், பக்கத்தைப் புதுப்பித்தால் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சி, உறைந்த பலகையைப் பார்த்தபடியே நேரத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மற்றோர் உண்மை இவ்வளவு இனியது அன்று. உங்கள் திரை நின்றாலும் சர்வரின் கடிகாரம் நிற்பதில்லை. சில தளங்களில், நீங்கள் தொடர்பறுந்து சிறிது நேரம் போனால் எதிராளி வெற்றியைக் கோரவும் இடமுண்டு.

இனி, கோளாறு எங்கே என்று காண்பது எப்படி? எங்கள் பக்கத்துக் காட்சி ஒன்றையே உவமையாகச் சொல்கிறேன். திருவட்டாற்றுக்கு அருகே, பரளியாற்றின் குறுக்கே மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்கிறது. 1966-இல் கட்டப்பட்டது. ஆற்றுக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், நெடிய தூண்களின் மீது ஒரு கால்வாயே நடந்து போகிறது. அந்தக் கால்வாயின் கடைக்கோடியில் ஒருவருக்கு வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. அறிவுள்ள உழவர் என்ன செய்வார்? வயலை வெட்டிப் புரட்ட மாட்டார். தம் மடையைப் பார்ப்பார்; அதில் குப்பை அடைத்திருக்கலாம். மடை சரியென்றால் பக்கத்து வயலைப் பார்ப்பார். அங்கே தண்ணீர் பாய்ந்தால் குறை தம்முடையது. அங்கும் வறண்டிருந்தால் குறை மேலே இருக்கிறது. பிறகு கால்வாய்க் கரையோடு மேல்நோக்கி நடப்பார். பாலம் வரை போவார். அணையையே அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வீட்டுக்குத் திரும்பிக் காத்திருப்பார். என் மருமகள் செய்தது வயலை வெட்டிய செயல்.

பலகை நின்றதும், அதே சாதனத்தில் வேறு ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் வழி நன்றாக இருக்கிறது. ஆட்டப் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் போதும். பெரும்பாலான வேளைகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். வேறு பக்கமும் திறக்கவில்லை என்றால், அதுதான் பக்கத்து வயல். குறை உங்களுக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள வழியில். அப்பொழுது வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கோ, அதிலிருந்து இதற்கோ மாறுங்கள். இரண்டும் வெவ்வேறு கால்வாய்கள். ஒரே நேரத்தில் இரண்டும் வறள்வது அரிது. மற்றப் பக்கங்களெல்லாம் விரைவாகத் திறந்து, ஆட்டத் தளம் மட்டும் எந்த வழியிலும் திறக்கவில்லையானால், அடைபட்டது அணை. அப்பொழுது உங்கள் கைப்பேசியைத் தண்டிப்பதில் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஐந்தையும் ஒருங்கே மாற்றினால், எது பலித்தது என்பதும் தெரியாது, எது புதிய கேட்டை விளைத்தது என்பதும் தெரியாது.

வைஃபை அடையாளத்தைப் பற்றி ஒரு சொல். அந்தக் கோடுகள் உங்கள் கைப்பேசிக்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையிலுள்ள நெருக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. பெட்டிக்கு அப்பால் இணையம் உண்டா இல்லையா என்பதை அவை சொல்வதில்லை. மடை அகலமாகத் திறந்திருக்கிறது என்பதனால் ஆற்றில் நீர் ஓடுகிறது என்று ஆகாது அல்லவா? தவிர, இப்பொழுதைய பெட்டிகள் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பரப்புகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது, ஆனால் கனத்த சுவர்களைத் தாண்டும்போது மிகவும் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானது, ஆயினும் நெடுந்தூரம் போகும். சதுரங்கத்துக்கு விரைந்த வெள்ளம் தேவையில்லை. ஒரு நகர்த்தலின் கடிதம் சில எழுத்துகள்தான். அறாத சிற்றோடையே போதும். ஆகையால், பெட்டியிலிருந்து இரண்டு சுவர் தள்ளி அமர்ந்து ஆடுபவர் மெதுவான அலையைத் தேர்வது நலம்.

வழி நன்றாயிருந்தும் காய்கள் தயங்கித் தயங்கி நகர்வதுண்டு. அதற்குப் பல வேளைகளில் தூரமே காரணம். ஒளி வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கண்ணாடி இழைக்குள் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான். 2010-இல் திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி, இன்றும் கட்டணமின்றி நடந்துவரும் லிசெஸ் தளத்தின் சர்வர்கள் பிரான்ஸ் நாட்டில் இருக்கின்றன. திருவட்டாற்றிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 8,000 கிலோமீட்டர். கடிதம் போய் மறுகடிதம் வர, இயற்கை விதிப்படி ஒரு விநாடியில் 12-இல் ஒரு பங்காவது ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் போவதில்லை. இடையில் சந்திகள் பல. ஐந்தில் ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 40 நகர்த்தலுக்கு 8 விநாடி. பத்து நிமிஷ ஆட்டத்தில் அது பொருட்டே அன்று. ஒரு நிமிஷ ஆட்டத்தில் அதுவே உயிர்நாடி. இதனால்தான் இத்தளங்கள் வழியில் கழியும் நேரத்தை ஓர் எல்லை வரை கணக்கிட்டு ஆடுபவருக்குத் திருப்பித் தருகின்றன. அந்த எல்லைக்கு மேற்பட்ட தாமதத்துக்கு ஈடு கிடையாது. உங்கள் வீட்டில் அதே நேரத்தில் ஒருவர் திரைப்படம் பார்த்துக்கொண்டும், இன்னொருவர் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டும் இருந்தால் தாமதம் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வேளையில் ஒரு நிமிஷ ஆட்டம் வேண்டாம்.

இவையெல்லாம் கற்றுக்குட்டிகளின் தொல்லைகள் என்று எண்ணாதீர்கள். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் ஒலிம்பியாடை முதன்முறையாக இணையத்தில் நடத்தியது. செஸ் டாட் காம் தளத்தில் ஆட்டங்கள் நடந்தன. இந்திய அணியில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்தனர். கால் இறுதியில் ஆர்மேனியா எதிரணி. நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய ஆர்மேனிய வீரரின் தொடர்பு அறுந்து, அவர் நேரத்தால் தோற்றார். ஆர்மேனியா முறையிட்டது. மேல்முறையீட்டுக் குழு அதை ஏற்கவில்லை. ஆர்மேனியா அடுத்த சுற்றை ஆட மறுத்து விலகியது, இந்தியா முன்னேறியது.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 30-ஆம் தேதி, இறுதிப் போட்டி. எதிரணி ரஷ்யா. முதற் சுற்று 3-க்கு 3 என்று சமநிலையில் முடிந்தது. இரண்டாம் சுற்றில், நமக்கு அண்டையில் திருச்சூரைச் சேர்ந்த 16 வயது நிஹால் சரினும், நாகபுரியைச் சேர்ந்த 14 வயது திவ்யா தேஷ்முகும் ஆட்டத்தின் நடுவே தொடர்பு இழந்தனர். இருவரும் நேரத்தால் தோற்றதாகத் திரை காட்டிற்று. ரஷ்யா நாலரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் வென்றதாயிற்று. இம்முறை முறையிட்டது இந்தியா.

அன்று நடந்தது வீட்டுப் பெட்டியின் கோளாறு அன்று. அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் பெரும் வலையமைப்பு, இந்திய நேரப்படி பிற்பகல் மூன்றரை மணி அளவில் நிலைகுலைந்தது. இணையத்தின் சந்திகளிலுள்ள பெட்டிகள், எந்த முகவரிக்கு எந்த வழி என்பதை ஒன்றுக்கொன்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வேண்டாத போக்குவரத்தைத் தடுக்க, அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் முறையும் உண்டு. அன்று அனுப்பிய கட்டளை ஒன்று தவறானது. பெட்டிகள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பேச்சையே அது தடுத்துவிட்டது. அந்த வலையமைப்பை நம்பியிருந்த கிளவுட்ஃபிளேர் முதலிய சேவைகள் தடுமாறின. உலக இணையப் போக்குவரத்தே அன்று 3.5 விழுக்காடு குறைந்ததாகக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் கணக்கிட்டது. சீராகச் சில மணி நேரம் பிடித்தது.

மேல்முறையீட்டுக் குழு தளத்தின் பதிவுகளையும் இந்த நிகழ்ச்சி பற்றிய செய்திகளையும் ஆராய்ந்தது. அவர்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கூட்டமைப்பின் தலைவர் அர்க்காதி துவோர்க்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பளித்தார். ஒரே போட்டி, ஒரே வாரம், இருமுறை தொடர்பு அறுந்தது, இரண்டு தீர்ப்புகள். முதல் முறை அறுபட்டது ஆர்மேனியாவின் பக்கம் என்று கொள்ளப்பட்டது. இரண்டாம் முறை அறுபட்டது யாருக்கும் சொந்தமில்லாத பெருவழியில். எங்கே அறுந்தது என்று காட்டும் பதிவுகளே தீர்ப்பின் அடிப்படை. நீங்களும் ஒரு போட்டியில் தொடர்பு இழந்தால், வருத்தப்படுவதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறு எது திறந்தது, எது திறக்கவில்லை என்பதையும் எழுதிவையுங்கள். ‘இணையம் போய்விட்டது’ என்ற வெறும் முறையீட்டை எந்த நடுவரும் எடுத்துக்கொள்ள மாட்டார். என் மருமகளிடம் அத்தகைய குறிப்பு ஒன்றும் இல்லை; முறையிட வாய்ப்பிருந்தும் அவள் கையில் எதுவும் இல்லாமற் போயிற்று.

அதே 2020-இல் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஓர் இணையப் போட்டியில் சீனத்து டிங் லிரென் தொடர்பு அறுந்து மாக்னஸ் கார்ல்சனிடம் ஓர் ஆட்டத்தை இழந்தார். அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் சில நகர்த்தல்களிலேயே தம் ராணியைக் கொடுத்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். விதிப்புத்தகத்தில் அதற்கு ஏற்பாடு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் இணையத்தின் தலையில் சுமத்துவதும் தவறு. விரல் நழுவி ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டு, செயலியைப் பழிப்பவர் பலர். எதிராளி நகர்த்துமுன்பே தம் நகர்த்தலைப் பதிந்து வைக்கும் வசதியைப் பயன்படுத்தி, அவர் எதிர்பாராத காயை நகர்த்தியதும் திகைப்பவரும் உண்டு. காயை இழுத்துச் செல்வதற்குப் பதிலாகத் தொட்டுத் தொட்டு வைக்கும் முறையை அமைப்பில் தேர்ந்துகொண்டால் விரல் நழுவுவது குறையும். கணினியில் ஆடுவோர், உலாவியில் பழைய கோப்புகள் தேங்கியிருப்பதாலும், விளம்பரத் தடுப்பு முதலிய துணைக்கருவிகளாலும் பலகை பாதி மட்டுமே தெரியும் தொல்லையைக் காண்பதுண்டு. துணைக்கருவிகள் இயங்காத தனிச் சாளரத்தில் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கைப்பேசியில் மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பு, பின்னணியில் உள்ள செயலிகளை உறங்கச் செய்துவிடும். ஆட்டத்தின் நடுவே வந்த அழைப்பை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புபவர், உறங்கிய பலகையைத்தான் காண்பார். போட்டி நாளில் அந்த அமைப்பை நிறுத்திவிடுவது நல்லது.

மின்சாரத்துக்கு என்ன வழி? வீட்டுப் பெட்டிகள் பல 12 வோல்ட் மின்னோட்டத்தில் இயங்குபவை. அவற்றுக்கென்றே உள்ளங்கை அளவில் ஒரு மின்கலப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் ரௌட்டரின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி நம் மாவட்டத்தாருக்கு முக்கியமானது. கண்ணாடி இழை வழியே இடிமின்னல் பாயாது. ஆனால் மின்செருகி வழியே பாயும். இடி நெருங்கினால், சுவரிலிருந்து செருகியைக் கழற்றிவிட்டு மின்கலத்திலேயே ரௌட்டரை இயக்கலாம். கைப்பேசியையும் மின்னேற்றிக்கொண்டே ஆட வேண்டாம்.

அந்தச் சிறு பெட்டியை வாங்கி நானே அவள் வீட்டில் மாட்டினேன். பழைய பழக்கம் திரும்ப வெகுநாள் ஆயிற்று. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை நான் அங்கே போயிருந்தபோது, அவள் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தாள். இடி முழங்கியது. விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் முகத்தில் பலகையின் வெளிச்சம் மட்டும் விழுந்தது. ஒரு கணம் திரை தயங்கியது. அவள் வேறொரு பக்கத்தைத் திறந்தாள், திறந்தது. ஆட்டப் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தாள். காய்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆட்டம் தொடர்ந்தது. இருபது நகர்த்தலுக்குப் பிறகு, குதிரையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்து, அவள் தோற்றாள்.

“இது எனக்க தப்பாக்கும் மாமா” என்று சொல்லி, அந்த ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்க்கத் தொடங்கினாள்.